சாயம் போன கதை

தமிழில் ஒருவனுடைய ‘சாயம் வெளுத்துவிட்டது’ என்றால் அவனுடைய பொய் அம்பலமாகிவிட்டது என்று பொருள். இச்சொல்வழக்கு எங்கே பிறந்தது என்பதைத் துணி துவைத்த எவருக்கும் விளக்க வேண்டியதில்லை. கெட்டிச் சாயம் என்று கடைக்காரர் சத்தியம் செய்து கொடுத்த துண்டு, முதல் அலசலிலேயே வாளித் தண்ணீரைச் சிவப்பாக்கிவிடும். கூடவே ஊறிய வெள்ளை வேட்டியும் பாழாகும். சாயம் போவது நம் மொழியில் வெறும் குறையன்று. அது ஓர் ஏமாற்று. அப்படிப்பட்ட ஏமாற்றைக் கொட்டை எழுத்தில் விளம்பரப்படுத்தி, ‘இந்தத் துணி சாயம் போகும், அதற்கு நாங்கள் உத்தரவாதம்’ என்று சொல்லி விற்ற காலம் ஒன்று அமெரிக்காவில் இருந்தது. அப்படி விற்கப்பட்ட துணியின் பெயர் மெட்ராஸ்.

இக்கதை விற்பனைச் சாமர்த்தியத்துக்கு எடுத்துக்காட்டாகப் பலமுறை சொல்லப்பட்டிருக்கிறது. நாம் அதை வேறோர் இடத்தில் வைத்துப் பார்க்க விரும்புகிறோம். சோழமண்டலக் கரையின் நெசவாளியும் சாயக்காரரும் சிறு வணிகரும், தாம் கண்ணால் கண்டிராத மனிதர்களுக்கு, மொழியும் பழக்கமும் தெரியாத மனிதர்களுக்கு, நூற்றாண்டுகளாகத் துணி விற்று வந்தவர்கள். அந்த நெடிய வரலாற்றின் பிந்தைய அத்தியாயங்களுள் ஒன்றுதான் அமெரிக்கக் கதை. ‘அவர்கள் நம்மைப் போன்றவர்கள் அல்லர்’ என்ற எண்ணம் இரு கரைகளிலும் இருந்தபோது வியாபாரம் எப்படி நடந்தது? அந்த வேறுபாட்டை யார் யாருக்கு எடுத்துச் சொன்னார்கள்? சொல்லத் தவறிய இடங்களில் நட்டத்தை ஏற்றது யார்? இக்கேள்விகளோடு கதையைச் சற்று முன்னாலிருந்து தொடங்குவோம்.

*

16ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் மலாக்காவில் தங்கியிருந்த போர்த்துக்கீசியரான டோமே பிரெஸ், அந்தத் துறைமுகத்துக்கு வந்திறங்கிய சரக்குகளைப் பற்றி விரிவாக எழுதி வைத்தார். பழவேற்காட்டுத் துணி அவற்றுள் ஒன்று. போர்த்துக்கீசியருக்கும், அவர்களுக்குப் பின் வந்த டச்சுக்காரருக்கும் ஆங்கிலேயருக்கும், கிழக்குக் கடலில் காத்திருந்த முதல் பாடம் கசப்பானது. சாதிக்காயும் கிராம்பும் விளைந்த தீவுகளில் ஐரோப்பியக் கம்பளித் துணியை யாரும் சீந்தவில்லை. அவர்கள் கேட்டது இந்தியப் பருத்தித் துணி. ஆகவே ஐரோப்பாவின் வெள்ளியைக் கொண்டுவந்து சோழமண்டலக் கரையில் துணி வாங்கி, அதைக் கிழக்கே கொண்டுபோய் நறுமணப் பொருளாக மாற்ற வேண்டியிருந்தது. டச்சுக்காரர் 1610இல் பழவேற்காட்டில் கால் ஊன்றியதற்கும், 1613இல் அங்கே கெல்டிரியா கோட்டையை எழுப்பியதற்கும் இதுவே காரணம்.

துணி வாங்கிச் சென்றபின் இரண்டாவது பாடம் தொடங்கியது. ‘கிழக்குத் தீவுகள்’ என்று ஒரே பெயரில் அவர்கள் அழைத்த இடத்தில் ஒரே ரசனை இருக்கவில்லை. ஒரு தீவில் விரும்பப்பட்ட கட்டம் அடுத்த தீவில் விலைபோகவில்லை. கரையின் அகலமோ சிவப்பின் ஆழமோ சற்று மாறியிருந்தாலும் மூட்டை அப்படியே திரும்பியது. ஐரோப்பியக் கணக்கர்களுக்கு இது பிடிவாதமாகத் தோன்றியிருக்கலாம். வாங்கியவர்களுக்கோ அத்துணி மணவினைக்கும் சாவுச் சடங்குக்கும் உரியது. தலைமுறைகளாகப் பெட்டியில் காத்து வைக்கப்படுவது. தாலிக்கயிற்றின் மஞ்சளை மாற்றி நீலமாகக் கொடுத்தால் நாம் வாங்குவோமா என்று கேட்டுப் பார்த்தால் அந்தப் ‘பிடிவாதம்’ விளங்கும்.

சயாம் நாட்டு அயுத்தயா அரசவை இன்னும் ஒரு படி மேலே சென்றது. தனக்கு வேண்டிய சித்திரங்களைத் தானே வரைந்து இந்தக் கரைக்கு அனுப்பி, அவற்றின்படி துணி எழுதி வாங்கிக்கொண்டது. கைகூப்பிய தேவ உருவங்கள், தீக்கொழுந்து போன்ற கொடிகள், அரசவையில் யார் எதை உடுத்தலாம் என்ற தர வரிசைக்கேற்ற வடிவங்கள் எல்லாம் இங்குள்ள சித்திரக்காரர் கையால் எழுதப்பட்டன. அந்தத் தேவர்களின் பெயர் எழுதியவருக்குத் தெரிந்திருக்க வேண்டியதில்லை. கோடு பிசகாமல் இருந்தால் போதும். வேறுபாட்டைக் கையாள்வதற்குக் கடல் வணிகம் கண்டுபிடித்த முதல் கருவி இதுதான்: மாதிரி. மொழி வேண்டாம், விளக்கம் வேண்டாம். ‘இதைப் போல் இன்னொன்று.’

*

ஆனால் மாதிரி எப்போதும் ஊமையாகவே இருந்துவிடவில்லை. 1643இல் ஆங்கிலேயக் கிழக்கிந்தியக் கம்பெனியின் லண்டன் இயக்குநர்கள் சூரத்திலிருந்த தம் ஆட்களுக்கு ஒரு கடிதம் எழுதினார்கள். அனுப்பப்பட்ட மெத்தை விரிப்புகளின் தளம் மங்கிய சிவப்பாக இருக்கிறது, எல்லா வாடிக்கையாளரையும் அது கவரவில்லை. இனிமேல் வெள்ளைத் தளத்தில் பூவும் கொடியும் வண்ணத்தில் வரட்டும் என்பது அதன் சாரம். நம் கண்ணுக்கு மங்கலகரமான சிவப்பு, லண்டன் படுக்கையறைக்குச் சோகமாகப்பட்டது. ஒரு நிறத்தைப் பற்றிய இந்தச் சின்ன அபிப்பிராய பேதத்தின் விளைவுகள் சிறியவை அல்ல. அடுத்த சில பத்தாண்டுகளில் லண்டனிலிருந்து மாதிரிச் சித்திரங்களும் வரத் தொடங்கின. கரையின் சித்திரக்காரர் அவற்றைப் பார்த்து எழுதினார். ஆனால் தம் கைப்பழக்கத்தை விடவில்லை. ஆங்கிலேயத் தையல்வேலைப்பாட்டின் இலையும், சீனச் சாயல் கொண்ட பாறையும், நம்மூர்ப் பூவும் ஒரே மரத்தில் பூத்தன. ‘உயிர் மரம்’ என்று இன்று அருங்காட்சியகங்கள் போற்றும் அந்த மரம் யாருடையது என்று அறிஞர்கள் இன்னும் வாதிடுகிறார்கள். இரு தரப்பும் தத்தம் பழக்கத்தை விட்டுக்கொடுக்காமல் வியாபாரம் செய்ததில் முளைத்த மரம் அது என்பதே நமக்குத் தோன்றும் விடை.

அத்துணி ஐரோப்பாவில் எவ்வளவு விரும்பப்பட்டது என்பதற்கு அதன் மீது விதிக்கப்பட்ட தடைகளே சாட்சி. 1686இல் பிரான்சும், 1701இலும் மீண்டும் 1722இலும் நடைமுறைக்கு வந்த சட்டங்களால் இங்கிலாந்தும், தம் நெசவாளரைக் காக்க இந்திய வண்ணத் துணியைத் தடுத்தன. ‘வேற்றாளின் ரசனை’ என்று முதலில் புருவம் உயர்த்தப்பட்ட ஒன்று, சட்டம் போட்டுத் தடுக்க வேண்டிய அளவுக்குச் சொந்த ரசனையாகிவிட்டிருந்தது.

இதே கரையின் கோட்டுத் துணிகள் ஜப்பானுக்கும் போயின. அங்கே அவற்றுக்கு வழங்கிய பெயர் ‘சந்தோமே’. நம் மயிலாப்பூரை அடுத்த சாந்தோமின் பெயர்தான் அது. கிறித்தவத்தைத் தடைசெய்து, அந்நியருள் டச்சுக்காரரையும் சீனரையும் தவிர மற்றவரைப் பெரும்பாலும் ஒதுக்கிவைத்திருந்த நாட்டில், ஒரு கிறித்தவப் புனிதரின் பெயர் துணிக்கோட்டின் பெயராக வாழ்ந்தது என்பதை நாம் வியப்போடுதான் படிக்கிறோம். ஜப்பானிய நெசவாளர் பிற்பாடு அத்துணியைத் தாமே நெய்யக் கற்றுக்கொண்டார்கள். பெயர் மட்டும் நீடித்தது.

*

மாதிரியால் சொல்ல முடியாததைச் சொல்ல ஓர் ஆள் தேவைப்பட்டார். இரு மொழி அறிந்தவர் என்ற பொருளில் அவரைத் துபாஷி என்றார்கள். 1639இல் சென்னைக் கடற்கரையில் ஆங்கிலேயர் இடம் பிடித்தபோது அவர்களோடு இருந்த பேரி திம்மப்பா முதல், புதுச்சேரியில் துய்ப்ளேயின் தலைமைத் துபாஷியாக 1747இல் அமர்ந்த ஆனந்தரங்கப் பிள்ளை வரை இவர்களின் வரிசை நீளமானது. பிள்ளை 1736 முதல் 1761 வரை எழுதிய நாட்குறிப்பைப் புரட்டினால், வெறும் மொழிபெயர்ப்பு அவருடைய வேலையில் சிறு பங்கே என்பது தெரியும். பண்டசாலைக்கு வந்த துணியின் தரம், வியாபாரிகளின் முன்பணம், கவர்னரின் அன்றைய மனநிலை, யாருக்கு எந்தச் சொல்லை எந்த நேரத்தில் சொல்வது என்பன எல்லாம் அவர் கவலையாக இருந்தன. ஒருவரின் கோபத்தை மற்றவரிடம் கோரிக்கையாகவும், ஒருவரின் தயக்கத்தை மற்றவரிடம் மரியாதையாகவும் மாற்றிச் சேர்ப்பது அவர் கலை. இப்படிச் சேர்ப்பதற்கு அவர் எடுத்துக்கொண்ட கூலி குறைவானதன்று. துபாஷி என்ற சொல் பின்னாளில் ஆங்கிலேயர் வாயில் வசைபோல ஒலித்ததற்கு அதுவும் ஒரு காரணம்.

இந்த ஏற்பாட்டில் நெசவாளி எங்கே இருந்தார்? வாங்குபவரிடமிருந்து மிகத் தொலைவில். லண்டன் வியாபாரிக்கும் அவருக்கும் நடுவில் கம்பெனி அதிகாரி, துபாஷி, ஒப்பந்த வணிகர், அவருடைய தரகர் என்று பலர். முன்பணம் இவர்கள் கைவழியே கீழே வந்தது. துணி அதே கைவழியே மேலே போனது. மேலே போன துணி மாதிரியோடு ஒத்துப் பார்க்கப்பட்டு முதல் தரம், இரண்டாம் தரம், மூன்றாம் தரம் என்று பிரிக்கப்பட்டது. எஞ்சியது ‘தள்ளுபடி’ ஆயிற்று. தள்ளப்பட்டதன் நட்டத்தை வணிகர் சிறிது ஏற்றிருக்கலாம். பெரும்பகுதி தறிக்கே திரும்பி வந்தது. வேறுபாட்டின் விலை என்று நாம் மேலே குறிப்பிட்டது இதையே. வாங்குபவர் நினைத்ததற்கும் நெசவாளி நெய்ததற்கும் இடையிலிருந்த இடைவெளி, கணக்குப் புத்தகத்தில் நெசவாளியின் கடனாக எழுதப்பட்டது.

எனினும் 18ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதி வரை அவருக்கு ஒரு பிடிமானம் இருந்தது. ஆங்கிலேயர் தள்ளியதைப் பிரெஞ்சுக்காரர் வாங்கலாம். அவர்கள் தள்ளியதை டச்சுக்காரரோ, 1620 முதல் தரங்கம்பாடியில் இருந்த டேனியரோ, மலாய்க் கடலுக்குப் போகும் மரக்காயர் கப்பலோ வாங்கலாம். முன்பணத்தைத் திருப்பிக் கொடுத்துவிட்டு வேறொருவருக்கு நெய்யும் வழக்கமும் இருந்தது. பல அந்நியர்கள், பல ரசனைகள் என்பதே அவருடைய பாதுகாப்பு. ஆங்கிலேயர் கை ஓங்கிக் கரை முழுவதும் ஒரே எஜமானனின் கீழ் வந்தபின், இடையிலிருந்த வணிகரையும் நீக்கிவிட்டுக் கம்பெனி தன் ஆட்களைக் கொண்டு நேரடியாக நெசவாளியைக் கட்டுப்படுத்தியது. அதன்பின் தள்ளுபடியான துணிக்குப் போக்கிடம் இல்லை. வேற்றுமைகள் வியாபாரத்துக்குத் தடை என்பது பொதுவான எண்ணம். இந்தக் கரையின் நெசவாளியைக் கேட்டால், வேற்றுமைகள் ஒழிந்த நாளில்தான் தன் கை கட்டப்பட்டது என்று சொல்லியிருப்பார்.

*

ஐரோப்பாவின் ஆலைத்துணி உலகை நிரப்பிய 19ஆம் நூற்றாண்டிலும் அழியாமல் நின்ற சில சந்தைகள் உண்டு. அவற்றுள் இரண்டு மேற்கு ஆப்பிரிக்காவில் இருந்தன.

முதலாவது செனகல் ஆற்றங்கரை. அங்கே வேலம்பிசின் வாங்கப் போன பிரெஞ்சு வணிகரிடம் பாலைவனத்து மூர் மக்கள் கேட்ட விலைப்பொருள் புதுச்சேரியின் அவுரி நீலத்துணி. நாணயம் போலவே அது அங்கே புழங்கியது. பிரான்சின் ரூவான் நகரத்து ஆலைகள் அதைப் போலவே நெய்து அனுப்பிப் பார்த்தன, எடுபடவில்லை. உடுத்துபவர்கள் துணியைத் தொட்டும் முகர்ந்தும் பார்த்தே போலியைத் தள்ளினார்கள். இதில் ஒரு நுட்பமான வேடிக்கை உண்டு. செனகல் பிசின் ஐரோப்பாவுக்குப் போனது எதற்கு? அங்குள்ள ஆலைகள் பருத்தித் துணியில் வண்ணம் அச்சிடச் சாயத்தைக் கெட்டியாக்குவதற்கு. அதாவது நம் சித்திரத் துணியின் போலியை ஆயிரக்கணக்கில் செய்வதற்கு. ஒரு போலியைச் செய்ய உதவும் பிசினை வாங்க, போலியல்லாத துணி தேவைப்பட்டது.

இரண்டாவது சந்தை நைஜர் ஆற்றின் கழிமுகம். அங்கே வாழும் கலபாரி மக்களுக்குச் சென்னைக் கட்டத்துணி ‘இஞ்சிரி’. கோதாவரிக் கரையில் கம்பெனியின் பண்டசாலை இருந்த இஞ்சரம் என்ற ஊரின் பெயரே இப்படித் திரிந்தது என்று ஆய்வாளர் கருதுகின்றனர். கெஜச் சதுரங்களாக, சிவப்பும் நீலமும் வெள்ளையும் மாறிமாறி வரும் கட்டங்களோடு நெய்யப்பட்ட இத்துணி ‘ரியல் மெட்ராஸ் ஹேண்ட்கர்சீஃப்’ என்ற வணிகப் பெயரில் லண்டன் வழியாக ஆப்பிரிக்கா சென்றது. சென்னையைச் சுற்றியிருந்த ஊர்களிலும், பிற்காலத்தில் பெருமளவில் சீராலாவிலும் கைத்தறியில் நெய்தார்கள். கைக்குட்டை என்ற பெயர் ஐரோப்பியர் இட்டது. கலபாரியில் அது இடுப்பில் சுற்றும் உடை. பிறந்த குழந்தையை ஏந்தும் துணி. இறந்தவரைக் கிடத்தும் கட்டிலின் அலங்காரம். உண்மையான இஞ்சிரிக்கு உரிய மணம் ஒன்று உண்டென்றும், அதை முகர்ந்தே சரக்கை ஒப்புக்கொள்வார்கள் என்றும் ஆய்வாளர் பதிவு செய்திருக்கிறார்கள். எண்ணெயும் சாயவேரும் அவுரியும் கஞ்சியும் சேர்ந்த அந்த மணம் நெசவாளிக்குத் தொழிலின் எச்சம், வாங்குபவருக்கு முத்திரை.

இதைவிட வியப்பானது கலபாரிப் பெண்கள் அத்துணியில் செய்யும் வேலை. ஊசியால் இழையைத் தூக்கி, சவரக் கத்தியின் நுனியால் அறுத்து உருவுகிறார்கள். பெரும்பாலும் வெளிர் இழைகள் போக, ஆழ்ந்த நிற இழைகள் எஞ்சி, கட்டத்துக்குள் புதிய கட்டமும் சல்லடை போன்ற பின்னலும் தோன்றுகின்றன. ‘பெலெத்தே பீத்தே’ என்பது அதன் பெயர். அறுத்த இழைத் துணி என்று பொருள். பாவும் ஊடும் எண்ணி எண்ணிக் கோத்த கையொன்று இங்கே. அவற்றை எண்ணி எண்ணி அறுக்கும் கையொன்று அங்கே. இங்குள்ளவர் பார்த்தால் நெஞ்சு பதறும். அங்குள்ளவருக்கோ, அறுக்கப்படாத துணி யாருடைய துணியாகவும் இருக்கலாம்; அறுத்த பிறகே அது கலபாரித் துணி. டோன்யே எரெகோசிமா, ஜோன் ஐக்கர் ஆகிய இரு ஆய்வாளர்கள் 1981இல் இதற்கு ஒரு கோட்பாட்டையே வகுத்தார்கள். அந்நியப் பொருளைத் தேர்ந்து, அதற்குத் தம் மொழியில் பெயரிட்டு, தம் வாழ்வில் ஓரிடம் கொடுத்து, இறுதியில் அதன் உருவையும் மாற்றித் தமதாக்கிக்கொள்வது என்று நான்கு படிகளாக அதை விளக்கினார்கள்.

கரீபியத் தீவுகளான மார்த்தினிக்கிலும் குவாதலூப்பிலும் இதே ‘மெட்ராஸ்’ பெண்களின் தலைக்கட்டாகி, பிறகு அந்தத் தீவுகளின் அடையாள உடையாகவே மாறியது. வெளிர் மஞ்சள் போதவில்லையென்று கட்டத்தின் மீது தூரிகையால் மஞ்சள் வண்ணம் தீட்டிப் பளிச்சிட வைக்கும் பெண்கள் அங்கே இருந்தார்கள். 1853, 1854ஆம் ஆண்டுகளில் தொடங்கி, புதுச்சேரி, காரைக்கால் வழியாகத் தமிழர்கள் ஒப்பந்தக் கூலிகளாக அந்தத் தீவுகளில் இறங்கியபோது, தம் ஊரின் துணி தமக்கு முன்னரே அங்கு வந்து தங்கி வேற்று முகம் பெற்றிருந்ததைக் கண்டிருப்பார்கள். துணிக்குக் கிடைத்த வரவேற்பு அவர்களுக்குக் கிடைக்கவில்லை என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும்.

*

இப்போது 1958க்கு வரலாம். வில்லியம் ஜேக்கப்சன் என்ற அமெரிக்கத் துணி இறக்குமதியாளர் பம்பாய்க்கு வந்து, கேப்டன் சி. பி. கிருஷ்ணன் நாயரைச் சந்திக்கிறார். நாயர் கண்ணூர்க்காரர், பட்டாளத்தை விட்டு மாமனாரின் நெசவுத் தொழிலுக்கு வந்தவர், மனைவியின் பெயரில் ‘லீலா லேஸ்’ என்ற சிறு நிறுவனத்தை அப்போதுதான் தொடங்கியிருந்தார். பின்னாளில் லீலா விடுதிகளை நிறுவி 2014இல் மறைந்தவரும் இவரே. ஆப்பிரிக்கச் சந்தைக்கென்று நெய்த, எண்ணெயும் தாவரச் சாயமும் மணக்கும் பளிச்சென்ற கட்டத்துணி ஜேக்கப்சனுக்குப் பிடித்துப்போகிறது. கெஜம் ஒரு டாலர் என்று விலை முடிகிறது. இத்துணியைக் குளிர்ந்த நீரில் மெதுவாகத்தான் அலச வேண்டும், இல்லாவிட்டால் சாயம் இறங்கும் என்று நாயர் எச்சரிக்கிறார்.

அந்த எச்சரிக்கை கடலைத் தாண்டவில்லை. ஜேக்கப்சனிடமிருந்து 10,000 கெஜம் வாங்கிய நியூயார்க்கின் ப்ரூக்ஸ் பிரதர்ஸ் நிறுவனம் அதைச் சட்டையாகவும் கோட்டாகவும் தைத்து விற்றது. சலவைக் குறிப்பு எதுவும் துணியோடு போகவில்லை. சலவை இயந்திரத்திலிருந்து வெளியே வந்தபோது கட்டங்கள் ஒன்றோடொன்று கலந்து கரைந்திருந்தன. வாடிக்கையாளர் கொதித்தார்கள், வழக்கு என்ற பேச்சு எழுந்தது, நாயர் அமெரிக்காவுக்கு அழைக்கப்பட்டார். பிறகு நடந்ததை அவரே பின்னாளில் விரும்பிச் சொல்லி வந்தார். ‘செவன்டீன்’ என்ற இளைஞர் இதழில், ஒவ்வொரு சலவையிலும் புதிய நிறம் காட்டும் இந்தியக் கைத்தறி அதிசயம் என்று எட்டுப் பக்கக் கட்டுரை வெளியாயிற்று. ‘சாயம் போகும் மெட்ராஸ்’ என்பது புகார் என்ற நிலையிலிருந்து புகழாக மாறியது. கடைகளில் கேட்பு குவிந்தது. சாயம் போகாவிட்டால் அது அசல் மெட்ராஸ் அல்ல என்று அமெரிக்கக் கல்லூரி மாணவர்கள் நினைக்கத் தொடங்கினார்கள்.

கதை இங்கே கைதட்டலோடு முடிந்துவிடுவது வழக்கம். நாம் இன்னும் இரண்டு விஷயங்களைக் கேட்டுக்கொள்ள வேண்டியிருக்கிறது.

முதலாவது, அதே துணியை வாங்கிய ஆப்பிரிக்க வாடிக்கையாளரிடமிருந்து இப்படியொரு வழக்குப் பேச்சு ஏன் எழவில்லை? அவர்களுடைய ரசனை குறைந்ததல்ல. நாம் பார்த்தபடி, முகர்ந்து பார்த்துச் சரக்கைத் தள்ளும் கறார்த்தனம் அவர்களுடையது. ஆனால் பல தலைமுறைகளாகத் துணியோடு பழகியவர்களுக்கு அதன் குணம் தெரிந்திருந்தது. எப்போது உடுத்துவது, எப்படிக் காப்பது என்ற அறிவு துணியோடு சேர்ந்தே அங்கு போய்ச் சேர்ந்திருந்தது. அமெரிக்காவுக்கோ துணி மட்டும் போயிற்று. இருவருக்கும் இடையிலிருந்த வேறுபாடு நாகரிகத்தின் வேறுபாடு அன்று. தெரிந்ததற்கும் தெரியாததற்கும் உள்ளது. அந்த இடைவெளியை நிரப்ப ஒரு வரிச் சலவைக் குறிப்பு போதுமாயிருந்தது. துபாஷி செய்துவந்த வேலையை 1958இல் யாரும் செய்யவில்லை. இருபுறமும் ஆங்கிலம் தெரிந்திருந்ததால் மொழிபெயர்ப்பாளர் தேவையில்லையென்று எண்ணிவிட்டார்கள் போலும். ஒரே மொழி பேசுபவர்களிடையேதான் சொல்லாமல் விடப்படுபவை அதிகம்.

இரண்டாவது, உண்மையைச் சொன்னவர் யார்? தன் சரக்கின் குறையைத் தானே முன்வந்து சொன்ன சிறு வியாபாரிதான். சொன்ன பிறகும், விளக்கம் கொடுக்கக் கடல் கடந்து போக வேண்டியிருந்தவரும் அவரே. அவருக்குப் பேச்சுத் திறமை இருந்தது, அதிர்ஷ்டமும் இருந்தது, தப்பித்தார். அவ்விரண்டும் வாய்க்காத எத்தனையோ பேரின் துணி, வேற்றாரின் அறியாமைக்காகத் தள்ளுபடியாகித் தறிக்குத் திரும்பியிருக்கிறது. அவர்களைப் பற்றி எந்த இதழும் எட்டுப் பக்கம் எழுதவில்லை.

வெற்றியும் நெடுநாள் நிற்கவில்லை. 1960களின் மோகம் தணிந்ததும், அமெரிக்கச் சந்தைக்குக் கெட்டிச் சாயமும் இயந்திர நெசவும் வந்தன. ஒருகாலத்தில் பழவேற்காட்டின் பெயரைக் கிளாஸ்கோ நகரத்து நெசவாளர் எடுத்துக்கொண்டு ‘புல்லிக்கேட்’ என்று கைக்குட்டை நெய்து விற்றார்களே, அதுபோலவே மெட்ராஸ் என்ற பெயரும் ஊரைவிட்டுப் பிரிந்தது. இன்று உலகின் எந்த மூலையில் நெய்த கட்டத்துணிக்கும் அப்பெயர் வழங்குகிறது. ஊரும் 1996இல் தன் பெயரைச் சென்னை என்று மாற்றிக்கொண்டுவிட்டது. துணிக்கு மட்டும் பழைய பெயர்.

*

இந்த நெடிய கதையில் வேறுபாட்டைக் கடக்க மூன்று வழிகள் கையாளப்பட்டதை நாம் கண்டோம். மாதிரி, துபாஷி, பெயர். மாதிரி கையை இணைத்தது. துபாஷி நாவை இணைத்தார். பெயர் நினைவை இணைத்தது. மூன்றுமே நன்றாக வேலை செய்த இடங்களில் எவரும் தம்மை மாற்றிக்கொள்ளவில்லை என்பதே நாம் கவனிக்க வேண்டியது. கலபாரிப் பெண் நம்மைப் போல் உடுத்தத் தொடங்கவில்லை. சீராலா நெசவாளி கலபாரிச் சடங்குகளைக் கற்கவுமில்லை. ஒருவர் நெய்தார், மற்றவர் அறுத்தார். இருவருக்கும் அது நல்ல துணியாக இருந்தது. மற்றவர் ஏன் அப்படிச் செய்கிறார் என்பது முழுவதும் விளங்காமலே, அவர் எதை மதிக்கிறார் என்பதை மட்டும் தெரிந்துகொண்டு நியாயமாக நடந்துகொள்ள முடியும் என்பதற்கு அந்தத் துணி சான்று.

அந்த நியாயத்துக்கு ஒரு நிபந்தனை உண்டு. தெரியாமையின் நட்டம் ஒருவர் தலையில் மட்டும் விழக் கூடாது. விழுந்தபோதெல்லாம் அது தறியில் இருந்தவர் தலையிலேயே விழுந்தது என்பதைத்தான் கம்பெனிக் கணக்குகளின் தள்ளுபடிப் பட்டியல்கள் சொல்கின்றன. கைத்தறி ஏற்றுமதி மேம்பாட்டுக் குழு 1965இல் சென்னையைத் தலைமையிடமாகக் கொண்டு அமைக்கப்பட்டபோது, இந்த நெடுங்கணக்கைச் சரிசெய்யும் முயற்சி பிந்தியேனும் தொடங்கியது எனலாம்.

அடுத்த முறை வாளித் தண்ணீர் சிவக்கும்போது நாமும் கடைக்காரரைத் திட்டத்தான் போகிறோம். திட்டி முடித்தபின் ஒரு கணம் அந்தத் துணியை முகர்ந்து பார்க்கலாம். அந்த மணத்துக்காகவே அதை வாங்கியவர்கள் கடலுக்கு அப்பால் இருந்தார்கள்.